சைனாடவுனில் விளக்கு ஏற்றும் நேரம்

ஆறு வருடமாக மூன்கேக் பண்டிகை வந்தால் சிங்கப்பூர் சைனாடவுனுக்குக் கேமராவும் கையுமாகப் போய்விடுகிறேன். முதல் வருடம் ஒரே ராத்திரியில் நானூறு படத்துக்கு மேல் எடுத்தேன், அதில் இன்றைக்குக் கணினியில் வைத்திருப்பது மூன்றே மூன்று. போன வருடம் மூன்று மாலை போனேன், எல்லாம் சேர்த்து நூற்றிருபது படம்தான் இருக்கும், அதில் முப்பதுக்கு மேல் தேறியது. கேமரா மாறவில்லை, லென்சும் அதேதான். மாறியது நான் அந்தத் தெருக்களில் நடந்த விதம். இந்த வருடம் முதல்முறையாகப் போகப்போகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

பண்டிகை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சீன நாள்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமி. நமக்கு ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வரும். தாமரை விதை விழுதுக்குள் உப்பு போட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு வைத்த மூன்கேக், பம்ப்ளிமாஸ் பழம், தேநீர், அப்புறம் பிள்ளைகள் கையில் விளக்கு. நான் தோ பாயோவில் ஒரு வீவக புளோக்கில், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், வளர்ந்தவன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி தன் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும்போது எனக்கும் தங்கைக்கும் சேர்த்தே வாங்குவார். கம்பியை வளைத்து மீனாகவோ முயலாகவோ செய்து, மேலே சிவப்பும் மஞ்சளுமாகச் செலோஃபேன் தாள் ஒட்டி, நடுவில் பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்தி அளவில் ஒன்றைக் குத்தியிருப்பார்கள். கையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், தாள் சுருங்கிப் பொசுங்கும் வாசனை வரும், மீன் நாலு நொடியில் எரிந்து வெறும் கம்பியாகும், தங்கை அழுவாள், ஆன்ட்டி உள்ளே போய் இன்னொன்று கொண்டுவருவார். இதற்காகவே நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்திருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஆன்ட்டி இப்போது இல்லை. நான் ஒவ்வொரு வருடமும் போவதற்கு முதல் காரணம் அதுதான், கேமரா அப்புறம்தான்.

சரி, முதல் வருடம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வேலை முடிந்து எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கினேன். பகோடா ஸ்ட்ரீட் வாசலில் மேலே ஏறி வந்ததுமே கேமராவை வெளியே எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. குளிரூட்டிய ரயிலில் அரை மணி நேரம் இருந்த லென்ஸ் கண்ணாடி வெளிக்காற்று பட்டதும் பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது, கால் மணி நேரம் அதிலேயே போனது. இதற்கு மருந்து ரொம்ப எளிது. ரயிலை விட்டு வெளியே வந்ததும் பையின் ஜிப்பைத் திறக்காமல் இருபது நிமிடம் நடங்கள், கேமரா பைக்குள்ளேயே மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். கைப்பேசிக்கும் இதே கதைதான். பலர் லென்ஸ் மங்கலாக இருப்பதைக் கவனிக்காமலே எடுத்துவிட்டு வீட்டில் போய்ப் பார்த்து வருத்தப்படுகிறார்கள்.

லென்ஸ் தெளிந்தபின் கூட்டம். தோளோடு தோள் உரசும் கூட்டம். நான் கையை உயர்த்தித் தலைக்கு மேலே தொங்கிய விளக்கையெல்லாம் வரிசையாகச் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், கன்னங்கரிய வானம், நடுவில் வெள்ளை உருண்டைகள். அவை சிவப்பு விளக்கு என்று நான் சொன்னால்தான் தெரியும். எந்தத் தெரு, எந்த ஊர் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஒரு பேரங்காடியின் அலங்காரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை நாலரை மணிக்கே போனேன். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா நடந்தேன். இன்றுவரை நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் எந்தக் கடைவீட்டின் மாடிச் சன்னல் பச்சை, எந்தத் தூணில் பழைய எழுத்து இருக்கிறது, எந்தச் சந்து எங்கே போய்த் திறக்கிறது என்பதெல்லாம் இருட்டில், கூட்டத்தில், விளக்கு கண்ணைக் கூசும்போது ஒன்றும் தெரியாது. பகலில் பார்த்து வைத்ததைத்தான் இரவில் எடுக்க முடியும்.

இந்தப் பகுதிக்கு மலாயில் க்ரேத்தா ஆயர் என்று பெயர், தண்ணீர் வண்டி என்று அர்த்தம். சீனத்தில் நியூ சே சுவெய், மாட்டுவண்டித் தண்ணீர். குழாய் வருவதற்கு முன் ஆன் சியாங் குன்றடிக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் வந்த காலத்துப் பெயர். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822ல் போட்ட நகரத் திட்டத்தில் ஆற்றுக்குத் தென்மேற்கே இருந்த இந்த நிலம் சீனர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்ற விதியும் அவர் போட்டதுதான். நாம் இன்றைக்கும் அஞ்சடி என்று சொல்கிறோமே, அதுதான். மழைக்கு ஒதுங்கவும் படம் எடுக்கவும் சைனாடவுனில் அஞ்சடியை விட நல்ல இடம் கிடையாது. தூண்களின் வரிசை தானாகவே ஒரு சட்டம் போட்டுக் கொடுக்கும், உள்ளே நிழல், வெளியே விளக்கொளி, நடுவில் யாராவது ஒருவர் கடந்து போவார்.

தெருப்பெயர்களை நின்று வாசியுங்கள். பகோடா ஸ்ட்ரீட் என்றதும் ஏதோ சீனக் கோயில் என்று நினைப்பீர்கள், நானும் பள்ளிக்கூட நாட்களில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பகோடா நம் மாரியம்மன் கோயில் கோபுரம். பக்கத்துத் தெரு டெம்பிள் ஸ்ட்ரீட், அதுவும் அதே கோயிலால் வந்த பெயர். அதற்கு இந்தப் பக்கம் மாஸ்க் ஸ்ட்ரீட், ஜாமிஆ சூலியா பள்ளிவாசலால் வந்தது. பழைய தமிழ் முஸ்லிம்கள் பெரியப்பள்ளி என்பார்கள், 1826ல் தொடங்கியது. பினாங்கிலிருந்து 1819ல் ராஃபிள்ஸோடு வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827ல் மரத்தாலும் ஓலையாலும் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார். ஆக, சீனர் பேட்டையின் நடுமுதுகில் மூன்று தெருக்கள் நம் கோயிலின் பெயரையும் பள்ளிவாசலின் பெயரையும் சுமந்துகொண்டு நிற்கின்றன. இது தெரிந்த பிறகு சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தலைக்கு மேல் சீன விளக்கு வரிசை, பின்னால் கோபுரம் என்ற காட்சியை நான் வெறும் அழகான கலவையாகப் பார்க்கவில்லை. இருநூறு வருடமாக ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் அவர்கள். அந்தப் படத்தை எடுக்கக் கோயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கோபுரத்துக்கு நேர் எதிரே நின்றால் விளக்குகள் உச்சந்தலைக்கு மேலே போய்விடும். தெருவின் நீளத்துக்குச் சாய்வாகப் பார்த்தால்தான் விளக்கு வரிசை ஓடிவந்து கோபுரத்தைத் தொடும்.

நடையைத் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் வரை நீட்டச் சொல்வேன். பண்டிகைக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வராது. தெலுக் ஆயர்தான் பழைய கடற்கரை. 1880களில் கடலை மண் போட்டு நிரப்பும் வரை அலை அந்தத் தெருவில்தான் அடித்துக்கொண்டிருந்தது. கடல் கடந்து உயிரோடு கரையேறியவர்கள் முதல் வேலையாகத் தங்கள் சாமிக்கு நன்றி சொன்ன இடம் என்பதால் ஒரே தெருவில் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது, 1839ல் தொடங்கி 1842ல் முடித்தது, கடல்தெய்வம் மாசுவுக்கு. சில அடி தள்ளி நாகூர் ஆண்டவர் பெயரில் 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா. கோயிலுக்கு மறுபக்கம் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827ல் வெறும் ஓலைக்குடிசையாக இருந்ததால் குச்சுப்பள்ளி. அந்தப் பெயரை முதன்முதலில் ஒரு பலகையில் படித்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். குச்சு என்று என் பாட்டி சொல்லக் கேட்டது, அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எங்கேயும் கேட்கவில்லை.

தியான் ஹொக் கெங்கின் பின்சுவரில், அமோய் ஸ்ட்ரீட் பக்கம், 44 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவரோவியம் உண்டு. இப் யூ சோங் 2017ல் வரைந்தது. கணக்காளராக இருந்து ஓவியரானவர், சின்ன வயதில் சைனாடவுன் சேகோ லேனில் வளர்ந்தவர். அவருடைய ஓவியங்கள் இந்தப் பகுதி முழுக்க இருக்கின்றன. நமக்கு வேண்டியது முகமது அலி லேனில் இருப்பது. அந்தச் சின்னச் சந்தில் இதே மூன்கேக் பண்டிகையை, பிள்ளைகள் விளக்கு பிடிக்கும் பழைய காலத்துக் காட்சியை வரைந்திருக்கிறார். இருட்டிய பிறகு யாராவது ஒரு அப்பா அம்மா பிள்ளையோடு அங்கே வருவார்கள், நிச்சயம் வருவார்கள். போன வருடம் ஒரு மூன்று வயதுப் பெண் பிள்ளை தன் பேட்டரி முயலை ஓவியத்தில் இருக்கும் விளக்கோடு முட்ட வைத்துப் பார்த்தது, இரண்டு முறை. முதல் முறை நான் அசந்துபோய் நின்றேன், இரண்டாம் முறைதான் எடுத்தேன். எடுத்ததும் அந்த அம்மாவிடம் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அவருக்கே அனுப்பியும் வைத்தேன். பிள்ளைகள் படத்தில் இந்த விதியை நான் மீறுவதில்லை. பெற்றவர்கள் வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். செப்டம்பரில் இங்கே ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும். தெரு விளக்கு அலங்காரமும் ஏறக்குறைய அதே நேரத்தில் ஏற்றுவார்கள். வானம் கறுக்காமல் அடர்நீலமாக இருக்கும் பொழுது ஒன்று உண்டு. குளிர்நாடுகளில் அது ஒரு மணி நேரம்கூட நீடிக்கும் என்கிறார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சூரியன் கிணற்றில் கல் போட்டது போல் நேராக இறங்கிவிடும். நமக்குக் கிடைப்பது ஏழு ஐந்திலிருந்து ஏழு இருபது வரை, நல்ல நாளில் ஏழு இருபத்தைந்து. அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும்தான் விளக்கின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஒரே தட்டில் நிற்கும். கடைவீட்டுச் சன்னல்கள் தெரியும், ஓடு தெரியும், விளக்கின் தாளில் வரைந்த பூவும் தெரியும். ஏழரைக்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே அந்தப் பதினைந்து நிமிடத்தில் எங்கே நிற்பது என்பதைப் பகல் நடையிலேயே முடிவு செய்துவிடுங்கள், ஒரு நாளைக்கு ஒரே இடம். நான் மூன்று மாலை போவது இதனால்தான். ஒரு நாள் மேம்பாலம், ஒரு நாள் சவுத் பிரிட்ஜ் ரோடு, ஒரு நாள் டெம்பிள் ஸ்ட்ரீட். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விளக்கு போட்டுவிடுகிறார்கள், வார நாளில் போனால் பாதிக் கூட்டம்தான்.

மேம்பாலம் என்றது நியூ பிரிட்ஜ் ரோட்டையும் இயூ தோங் சென் ஸ்ட்ரீட்டையும் தாண்டிப் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் பக்கம் போகும் பாலங்களை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஒருவழிச் சாலைகள், எதிரெதிர்த் திசை. அதனால் பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் வெள்ளை முகப்பு விளக்குகள் உங்களை நோக்கி வரும், இன்னொரு பக்கம் சிவப்புப் பின்விளக்குகள் விலகிப் போகும், நடுவில் அலங்கார விளக்குகள். எல்லாரும் எடுக்கும் படம்தான், ஆனாலும் ஒருமுறை எடுக்க வேண்டிய படம். ஆறரைக்கே போய்க் கம்பியோரம் இடம் பிடிக்க வேண்டும். பாலம் ஆட்கள் நடக்கும்போது லேசாக அதிரும், முக்காலி வைத்தாலும் அந்த அதிர்வு படத்தில் வரும். ஆட்கள் வராத நொடிகளுக்குக் காத்திருந்து எடுங்கள், ஒன்றுக்கு நாலு எடுங்கள்.

முக்காலி பற்றி ஒரு சங்கடமான அனுபவம் உண்டு. மூன்றாம் வருடம் டெம்பிள் ஸ்ட்ரீட் அஞ்சடியில் முக்காலியை விரித்து வைத்து, பத்து நிமிடம் நகராமல் நின்றேன். தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி சேர்த்துக்கொண்டு ஒரு வயதான பாட்டி வந்தார். அவருக்கு அஞ்சடியை விட்டால் கூட்டத்துக்குள் வண்டியைத் தள்ள வழியில்லை. நான் திரையைப் பார்த்தபடி இருந்ததால் அவர் நின்றதையே கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, கடைசியில் பக்கத்துக் கடைக்காரர்தான் என் தோளைத் தட்டினார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அன்றிலிருந்து தெருவுக்குள் முக்காலி எடுத்துப்போவதே இல்லை. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு, மெல்ல அழுத்தினால் ஐம்பதில் ஒரு நொடி (1/50, படம் பதிய லென்ஸ் வழி வெளிச்சம் விழும் நேரம்) வரை கை நடுங்காமல் எடுக்கலாம், எனக்கு அது போதும்.

ஐம்பதில் ஒரு நொடி என்று சும்மா சொல்லவில்லை. இப்போது விளக்குகளுக்குள் இருப்பது மெழுகுவர்த்தி இல்லை, எல்இடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகள் ஒரு நொடியில் நூறு முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இருநூற்றைம்பதில் ஒரு நொடி என்று வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். ஐம்பதிலோ நூறிலோ ஒரு நொடியில் எடுத்தால் விழாது. முதல் இரண்டு வருடம் என் கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்துப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இது என்னவென்று சொல்லாமலே சுத்தம் செய்வதற்கு என்று எண்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார்கள். பட்டை அப்படியேதான் இருந்தது. நீங்கள் அந்த எண்பது வெள்ளியை மிச்சப்படுத்துங்கள். கைப்பேசியில் வேகத்தை நேரடியாக மாற்ற முடியாவிட்டால், ப்ரோ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேமராவுக்கான இலவசச் செயலி ஒன்று இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. கேமரா இருட்டைப் பார்த்ததும் பயந்து எல்லாவற்றையும் வெளுப்பாக்கும், விளக்கு வெந்துபோகும். கைப்பேசியில் விளக்கின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, தாளின் மடிப்பு தெரியும் வரை இருட்டாக்குங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துக்கொள்ளுங்கள். மற்றவை இருட்டானால் வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், வெந்துபோன விளக்கை மீட்க முடியாது. வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும், தெரு முழுக்க ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகிவிடும். நான் 4000 கெல்வின் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். சிவப்பு மட்டும் தனியாகத் தொந்தரவு தரும் நிறம். ஒட்டுமொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகவே கேமரா காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து வெறும் பூச்சாக நிற்கும். வண்ணங்களைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடம் இருந்தால் அதையே பாருங்கள். இந்தச் சிவப்பு என்னை எங்கே மாட்டிவிட்டது என்று கடைசியில் சொல்கிறேன்.

மழை வந்தால் ஓடாதீர்கள். ஒரு தடவை ஆறரைக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டி ஆறு ஐம்பதுக்கு விட்டது. பாதிப் பேர் ரயிலுக்குப் போய்விட்டார்கள். ட்ரெங்கானு ஸ்ட்ரீட்டின் கல் பாவிய தரையில் அத்தனை விளக்கும் இன்னொரு முறை எரிந்தது. கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் போதும், தேங்கிய தண்ணீர் குளமாகத் தெரியும். என்னிடம் இருப்பதிலேயே நல்ல படங்கள் அந்த இருபது நிமிடத்தில் எடுத்தவை. அந்தத் தெருவும் ஸ்மித் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் 1887ல் கட்டிய லாய் சுன் யுவென் நாடகக் கொட்டகையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. கன்டனீஸ் கூத்துப் பார்க்க அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதிய இடம். பின்பக்கத்துச் சேகோ லேனில் சாகக் கிடப்பவர்கள் வந்து தங்கும் வீடுகள் வரிசையாக இருந்தன. இடுக்கமான அறைகளில் முறை வைத்துத் தூங்கிய கூலிகளுக்கு நோயாளியை வைத்துக்கொள்ள வீட்டில் இடம் ஏது? 1961ல் அவற்றைத் தடை செய்தார்கள். கூத்தும் சாவும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த தெருக்கள் இவை. இன்றைக்குச் சாயம் பூசி, சாமான் விற்கும் கடைகளாக, பளிச்சென்று இருக்கின்றன. 1983ல் தெருவோரக் கடைக்காரர்களை எல்லாம் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள், 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர்கள் புளோக்குகளுக்குப் போய்விட்டார்கள். எனவே பழைய சைனாடவுன் எங்கே என்று கேட்பவர்களிடம், முகப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், காம்ப்ளெக்ஸ் மாடியில் உணவங்காடிக்குப் போய் உட்காருங்கள் என்பேன். கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) ஒன்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் இருந்தால் தெரியும்.

அந்தக் கட்டடத்துக்கும் புத்தர் பல் கோயிலுக்கும் நடுவே உள்ள சதுக்கத்தில் வயதானவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். இரண்டு பேர் ஆட, எட்டுப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள். முதல் வருடம் நான் கேமராவைத் தூக்கியதும் ஒரு அங்கிள் முகத்தைப் பார்க்காமலே கையை ஆட்டினார், போ என்று. போய்விட்டேன். அடுத்த வருடம் கேமராவை எடுக்காமல் நின்று ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தேன். அதற்கும் அடுத்த வருடம் காயின் பெயர்களைக் கற்றுக்கொண்டு போனேன். தேர், குதிரை, பீரங்கி, யானை. பீரங்கி இன்னொரு காயைத் தாண்டித்தான் வெட்டும் என்று தெரிந்த பிறகு ஆட்டம் எனக்கே பிடித்துப்போனது. அன்றைக்கு அந்த அங்கிள் என்னைப் பார்த்து, எதிரில் இருந்த தன் கூட்டாளியைக் கை காட்டி, அவனை எடு என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் கட்டியிருந்த சிவப்பு விளக்கின் வெளிச்சம் பலகையில் விழ, கூட்டாளி காயைத் தூக்கிப் பாதியில் நிறுத்தியிருந்தார். விரல் நகத்தில் மண் கறை, காயின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. ஐந்து படம் எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெரிய அளவில் ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். யாரையாவது இப்படி எடுத்தால் பிரதி கொடுங்கள், இரண்டு மூன்று வெள்ளிதான் ஆகும், கைப்பேசியில் காட்டுவது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இருவரும் இருந்தார்கள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். முகம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள் என நான் எதிர்பார்த்திருக்க, இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். சுற்றி நின்ற எட்டுப் பேரும் குனிந்து பலகையைத்தான் பார்த்தார்கள். சத்தம் ஆரம்பித்தது. அந்தக் காயை அங்கே வைத்திருக்கக் கூடாது என்று ஒருவர், வைத்ததால்தான் ஜெயித்தேன் என்று கூட்டாளி. அப்புறம் அங்கிள் படத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். அங்கே ஒரு காய் இருந்தது, மேலே எழுத்து இல்லை. வெளிறிய மரக்காயில் சிவப்பு எழுத்து, சிவப்பு வெளிச்சம் விழுந்ததும் எழுத்து மரத்தோடு கலந்து போயிருந்தது. இது எந்தக் காய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் நினைவில்லை, அதுதான் சண்டையே.

வீட்டுக்கு வந்து மூலக்கோப்பைத் திறந்து, சிவப்பை முழுக்க அணைத்துவிட்டுப் பச்சையை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். சிவப்பு மை பச்சை வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் அதில் மட்டும் எழுத்து மங்கலாக, ஆனால் படிக்கிற அளவுக்கு இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி இன்னொரு பிரதி போட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியமே கொண்டுபோனேன். குதிரை. அங்கிள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஆடிக்கொண்டிருந்த காய்களை எல்லாம் கையால் ஒதுக்கினார். முதல் படத்தைத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காயாகப் பலகையில் அதே இடத்தில் வைத்தார். கடைசியாகக் குதிரையை வைத்துவிட்டு, கூட்டாளியைப் பார்த்து, உன் ஆட்டம் என்றார்.